16 மெகாஹெர்ட்ஸில் ஒரு குடித்தனம்

எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'கிளாஸ்' திட்டம் நினைவிருக்கும். 1984-85-ல் மத்திய அரசு தொடங்கியது. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. கணக்கு வாத்தியார்தானே, உங்களுக்குத்தான் சரிப்படும் என்று அதை என் பொறுப்பில் விட்டார்கள். வெளிர் நிறப் பெட்டி, கறுப்புப் பொத்தான்கள், மேல் வரிசையில் மட்டும் சிவப்புப் பொத்தான்கள். அதன் மொத்த மெமரி 32 கிலோபைட். இன்று ஒரு கைப்பேசிப் புகைப்படம் அதைப் போல நூறு மடங்கு இடம் பிடிக்கும்.

அந்தப் பெட்டியைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனியின் கூடத்தில்தான் பின்னாளில் உலகத்தின் கைப்பேசிகளையெல்லாம் ஓட்டப்போகும் ஒரு சிப் பிறந்தது. கைப்பேசிகளுக்குப் போன அதே சிப், 2001-ல் குழந்தைகள் கையில் வைத்து விளையாடும் ஒரு கருவிக்குள்ளும் புகுந்தது. அந்தக் கருவியின் பெயர் கேம் பாய் அட்வான்ஸ். உங்கள் பேரன் பேத்திகளின் அப்பாமார்களிடம் கேட்டால் தெரியும். அதற்குப் புரோகிராம் எழுதியவர்கள் நடத்திய சிக்கனக் குடித்தனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் தலைமுறைக்குச் சிக்கனம் புதிதல்ல. அதனால் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கும் இது புரியும் என்று நம்புகிறேன்.

முதலில் சிப்பின் கதை. பிபிசி மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ். 1983-ல் அவர்கள் அடுத்த கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசஸர் தேடினார்கள். சந்தையில் கிடைத்தவை எதுவும் திருப்தியாக இல்லை. அந்தச் சமயத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அமெரிக்காவின் அரிசோனாவில் பிராசஸர் வடிவமைக்கும் ஒரு சிறு கம்பெனியைப் பார்க்கப் போனார்கள். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்துப் போனவர்கள், சாதாரண வீடு போன்ற கட்டடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்தார்கள். இவர்களால் முடியும் என்றால் நம்மாலும் முடியும் என்று திரும்பி வந்தார்கள். வில்சன் கட்டளைகளை வகுத்தார், ஃபர்பர் உள் அமைப்பை வரைந்தார். அவர்களுடைய மேலாளர் ஹெர்மன் ஹாசர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வாராம்: மற்றக் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்காத இரண்டை நான் கொடுத்தேன், ஒன்று பணமில்லாமை, இன்னொன்று ஆளில்லாமை என்று.

பணமும் ஆளும் இல்லாததால் சிப்பை எளிமையாகச் செய்தே ஆகவேண்டியிருந்தது. 1985 ஏப்ரல் 26-ல் முதல் சிப் வந்து சேர்ந்து, அன்றே வேலை செய்தது. ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது முள் பூஜ்யத்தில் நின்றதாம். பிறகுதான் தெரிந்தது, சிப்புக்கு மின்சாரம் தரவேண்டிய இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்துக் கம்பிகள் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! குறைந்த மின்சாரத்தில் ஓடவேண்டும் என்பது அவர்களுடைய முதல் நோக்கமல்ல. எளிமையாகச் செய்ததால் தானாகக் கிடைத்த வரம் அது.

1990 நவம்பரில் ஏகார்னும் ஆப்பிளும் விஎல்எஸ்ஐ என்ற சிப் கம்பெனியும் சேர்ந்து 'ஆர்ம்' என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கின. 12 எஞ்சினியர்கள். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய களஞ்சியத்தில் அலுவலகம்.

அடுத்த திருப்பம் கைப்பேசி. ஆர்ம் சிப்பின் ஒவ்வொரு கட்டளையும் 32 பிட் நீளம். கைப்பேசி செய்பவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. கட்டளை நீளமாக இருந்தால் புரோகிராம் பெரிதாகும், அதை வைக்க அதிக மெமரி வேண்டும், மெமரிக்குக் காசு வேண்டும். ஆகவே ஆர்ம் கம்பெனியில் 16 பிட் நீளத்தில் ஒரு சுருக்கெழுத்து மாதிரிக் கட்டளைத் தொகுப்பை உருவாக்கினார்கள். அதற்கு 'தம்ப்', அதாவது கட்டைவிரல், என்று பெயர். ஆர்ம் என்றால் கை; கையின் முனையில் கட்டைவிரல். அதே வேலைக்கான புரோகிராமின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு வகைக் கட்டளைகளையும் படிக்கத் தெரிந்த அந்த சிப்பின் பெயர் ஆர்ம்7டிடிஎம்ஐ. அந்தப் பெயரில் வரும் முதல் 'டி' தம்பைக் குறிப்பது. பாம்பு விளையாட்டோடு வந்த நோக்கியா 6110 கைப்பேசியில் இதுதான் இருந்தது.

இனி ஜப்பானுக்குப் போவோம். கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி 1989-ல் 'கேம் பாய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் குன்பெய் யோகோய். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. புத்தம் புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, விலை இறங்கி, காய்ந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து. யோகோய் 1997-ல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். ஆனால் அவருடைய கொள்கை கம்பெனியில் நின்றது. 2001 மார்ச் 21-ல் ஜப்பானில் வெளிவந்த கேம் பாய் அட்வான்ஸில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். கைப்பேசிகளில் பழகி விலை இறங்கிய ஆர்ம்7டிடிஎம்ஐ சிப்பையே அதில் போட்டார்கள். விலை 9,800 யென். இரண்டு ஏஏ அளவு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. மொத்தம் 8 கோடிக்கும் மேல் விற்றது.

அந்த வருடம் கடையில் கிடைத்த மேஜைக் கம்ப்யூட்டர்கள் ஒரு கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டன. அதாவது விநாடிக்கு நூறு கோடித் துடிப்புகள். இந்தக் கருவி 16.78 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு ஒரு கோடியே 68 லட்சம் துடிப்புகள். அறுபதில் ஒரு பங்கு. ஆனால் புரோகிராம் எழுதியவர்களை வாட்டியது இந்த எண் அல்ல. மெமரி எங்கே இருக்கிறது என்பதுதான்.

நம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி. கையை நீட்டினால் கடுகு. அடுத்தது ஸ்டோர் ரூம். எழுந்து போய் எடுத்து வரவேண்டும். மூன்றாவது தெருமுனை மளிகைக் கடை. எல்லாம் அங்கே கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடக்கவேண்டும். கேம் பாய் அட்வான்ஸிலும் இப்படித்தான் மூன்று இடங்கள். பிராசஸரோடு ஒட்டிய 32 கிலோபைட் மெமரி அஞ்சறைப் பெட்டி. அதற்குப் போகும் பாதை 32 பிட் அகலம். ஒரு முழுக் கட்டளையை ஒரே துடிப்பில் எடுத்துவிடலாம். அடுத்தது 256 கிலோபைட் மெமரி. அதற்குப் பாதை 16 பிட்தான். ஒரு 32 பிட் சொல்லை எடுக்க 6 துடிப்புகள். மூன்றாவது, விளையாட்டு விற்கப்படும் கார்ட்ரிட்ஜ். அதில் பல மெகாபைட் இருக்கும், ஆனால் அதற்கும் 16 பிட் பாதை, அதோடு காத்திருப்பு வேறு. வரிசையாகப் படித்தால்கூட ஆரம்ப அமைப்பில் 16 பிட்டுக்கு 3 துடிப்பு. வரிசை மாறி வேறு இடத்துக்குத் தாவினால் 5.

பிபிசி மைக்ரோவின் மொத்த மெமரியும் 32 கிலோபைட், இந்தக் கருவியின் அஞ்சறைப் பெட்டியும் 32 கிலோபைட் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பதினாறு பதினேழு வருடம் கழித்தும் வேகமான இடம் அதே அளவுதான்!

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிபிசி மைக்ரோவில் என்னிடம் முதன்முதலாகப் புரோகிராம் எழுதிப் பார்த்த ஒரு மாணவன், பிறகு எஞ்சினியரிங் படித்து, இங்கிலாந்தில் ஒரு சிறிய விளையாட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போனான். 2003-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து, காகிதத்தில் கோடு போட்டு எனக்குப் பாடம் நடத்தினான். பெயர் போடவேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அவன் சொன்ன கணக்கு இது. திரையில் 240-க்கு 160 புள்ளிகள், மொத்தம் 38,400. திரை விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது சரியாக 2,80,896 துடிப்புகள். ஒவ்வொரு புள்ளியையும் நீயே கணக்கிட்டு வரையவேண்டும் என்றால் ஒரு புள்ளிக்கு 7 துடிப்பு கிடைக்கும். அதற்குள் கணக்கிட்டு, நிறத்தை எடுத்து, திரையில் வைக்கவேண்டும். விளையாட்டின் மற்ற வேலைகள், பாட்டு, சத்தம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

கட்டம் கட்டமான படங்களைச் சேர்த்துத் திரையில் காட்டுவதற்குக் கருவியிலேயே தனி வசதி உண்டு. குதித்து ஓடும் சாதாரண விளையாட்டுகளுக்கு அது போதும். ஆனால் அவர்கள் செய்துகொண்டிருந்தது சுவர்களும் நடைபாதைகளும் முப்பரிமாணமாகத் தெரியும் விளையாட்டு. அதற்கு ஒவ்வொரு புள்ளியையும் புரோகிராம்தான் வரையவேண்டும். 1993-ல் மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்த 'டூம்' விளையாட்டை 2001-லேயே இந்தக் கருவிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்த வெளியீட்டாளர்கள் எல்லாரும் அதுமாதிரி ஒன்று கேட்டார்கள்.

அவன் கம்பெனியில் எட்டுப் பேர். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வரவேண்டும், அதற்குப் பல மாதம் முன்பே விளையாட்டை ஒப்படைக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் காட்டினால்தான் அடுத்த தவணைப் பணம். ஆனால் விளையாட்டு விநாடிக்கு ஏழெட்டுப் படம்தான் காட்டியது; தள்ளாடித் தள்ளாடி நடந்தது. மேலாளர், சி மொழியே வேண்டாம், எல்லாவற்றையும் அசெம்பிளியில் திருப்பி எழுதுங்கள் என்றாராம். அசெம்பிளி என்றால் பிராசஸரின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவது. எழுதியதையெல்லாம் திருப்பி எழுத எட்டு மாதமாவது ஆகும். கையில் இருந்ததோ மூன்று மாதம்.

"என்னடா செய்தே?" என்றேன்.

"முதல்ல அளந்து பார்த்தேன் சார். நீங்கதானே சொல்வீங்க, விடை எழுதறதுக்கு முன்னாடி கேள்வியைப் படின்னு" என்றான்.

அளப்பதற்கு இரண்டு வழி உண்டாம். கருவிக்குள் 16 பிட் டைமர்கள் நான்கு இருக்கின்றன. இரண்டை இணைத்தால் 32 பிட் வரை துடிப்புகளை எண்ணும். ஒரு ஃபங்ஷனுக்கு முன்னும் பின்னும் அதைப் படித்துக் கழித்தால் விலை தெரிந்துவிடும். இன்னொன்று கண்ணால் பார்ப்பது. வேலை தொடங்கும்போது திரையின் பின்னணி நிறத்தைச் சிவப்பாக்கு, முடிந்ததும் கறுப்பாக்கு. திரை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையப்படுவதால், அந்த வேலை எடுத்த நேரம் அத்தனை அகலச் சிவப்புப் பட்டையாகத் தெரியும். ஆற்றுப் பாலத் தூணில் வெள்ள மட்டம் பார்ப்பது போல.

அளந்ததில் தெரிந்தது, நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றது சுவரின் ஒரு செங்குத்துப் பட்டையை வரையும் ஒரே ஒரு சிறிய லூப். மொத்தப் புரோகிராமில் அது ஒரு பக்கம்கூட இராது. மற்றவை எத்தனை மெதுவாக இருந்தாலும் கவலையில்லை.

அந்த லூப் கார்ட்ரிட்ஜிலிருந்து தம்ப் கட்டளைகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் மளிகைக் கடைக்கு நடை. ஒரு புள்ளிக்கு 20 துடிப்புக்கு மேல் ஆனது. அவன் சி புரோகிராமிலேயே இரண்டு மாற்றம் செய்தான். இந்த ஃபங்ஷனை 32 கிலோபைட் வேக மெமரியில் வை என்று கம்பைலருக்கு ஒரு குறிப்பு. இதை மட்டும் தம்பில் அல்லாமல் முழு 32 பிட் ஆர்ம் கட்டளைகளாக மாற்று என்று இன்னொரு குறிப்பு. கருவியை ஆன் செய்ததும் அந்தத் துண்டு கார்ட்ரிட்ஜிலிருந்து வேக மெமரிக்கு நகலாகி அங்கிருந்து ஓடும். 16 பிட் பாதையில் தம்ப் லாபம். 32 பிட் பாதையில் ஆர்ம் லாபம். எது எங்கே என்று தெரிந்து வைத்தால் போதும்.

அடுத்து லூப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தான். இங்கேதான் சி மொழியின் குணத்தைச் சொல்லவேண்டும். 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி. எந்த பிராசஸருக்கும் ஒரே மாதிரி எழுதலாம் என்பது அதன் பெருமை. ஆனால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வரிகளுக்கு ஒரு குறிப்பிட்ட பிராசஸர் வெவ்வேறு விலை வாங்கும். அந்த விலைப்பட்டியல் சி புத்தகத்தில் இருக்காது.

வகுத்தலை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் வகுத்தல் ஒரே ஒரு சாய்வுக் கோடு. ஆனால் ஆர்ம்7டிடிஎம்ஐ சிப்புக்கு வகுக்கவே தெரியாது! அப்படி ஒரு கட்டளையே இல்லை. கம்பைலர் சத்தமில்லாமல் ஒரு நீளமான ஃபங்ஷனைக் கூப்பிடும்; அது கழித்துக் கழித்துப் பல பத்துத் துடிப்புகளில் விடை சொல்லும். இதற்கு மருந்து, நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் செய்ததுதான். எண்சுவடி! பெருக்கலும் பின்னமும் வாய்ப்பாடாக மனப்பாடம் ஆகிவிட்டால் கடையில் நின்று கணக்குப் போடவேண்டாம். புரோகிராமர்களும் தேவைப்படும் வகுத்தல் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துவிடுவார்கள். சைன், கொசைன் எல்லாம் அப்படித்தான். நேரம் வரும்போது வரிசை எண்ணைச் சொல்லி விடையை எடுத்துக்கொள்வது.

தசமப் புள்ளிக் கணக்கும் அந்த சிப்புக்குத் தெரியாது. முழு எண் மட்டும்தான். அப்படியானால் மூன்றேகாலை எப்படிக் குறிப்பது? நமக்கு இது எளிது. 1957-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா. மூன்றேகால் ரூபாய் என்றால் 52 அணா, பின்னமே இல்லை. நம் பழைய பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாமே பாதி பாதியாக இறங்கி 16-ல் ஒரு பங்கு வரை போகும். கம்ப்யூட்டருக்கும் பாதியாக்குவதுதான் மிக எளிய வேலை. இலக்கங்களை ஓர் இடம் நகர்த்தினால் போதும். அவர்கள் ஒரு ரூபாயை 16 அணாவாக அல்லாமல் 65,536 துண்டாகப் பிரித்து எல்லாவற்றையும் அந்தத் துண்டுகளில் வைத்துக்கொண்டார்கள். முழு எண் வேண்டும்போது 16 இடம் நகர்த்துவார்கள். 'டூம்' விளையாட்டின் மூலப் புரோகிராமிலும் இதே முறைதான்.

நகர்த்துவதில் ஆர்ம் சிப்புக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கூட்டல் செய்யும்போதே, கூட்டப்படும் எண்ணை நகர்த்தியும் கொடுத்துவிடும், கூடுதல் விலை இல்லாமல். ஒரு வரிக்கு 240 புள்ளி என்பதால் 240-ஆல் அடிக்கடி பெருக்கவேண்டி வரும். 240 என்பது 256-லிருந்து 16 போக மீதி. இரண்டு நகர்த்தல், ஒரு கழித்தல், முடிந்தது.

இன்னும் சில சிறு சேமிப்புகள். லூப்பை எண்ணுவதற்கு வைக்கும் மாறி, நூறுக்குள்தானே போகிறது, சிறிய 8 பிட் இடம் போதும் என்று தோன்றும். அதில் சேமிப்பு இல்லை, செலவுதான். சிப்பின் ரெஜிஸ்டர்கள் எல்லாம் 32 பிட். சிறிய மாறி என்று எழுதினால், எண் 8 பிட்டைத் தாண்டாமல் வெட்டிவிட ஒவ்வொரு சுற்றிலும் கம்பைலர் கூடுதல் கட்டளை சேர்க்கும். அதேபோல் 1-லிருந்து மேலே எண்ணுவதைவிட மேலிருந்து பூஜ்யம் வரை கீழே எண்ணினால் ஒரு ஒப்பீடு மிச்சம். கழித்தபோதே பூஜ்யமா இல்லையா என்று சிப்புக்குத் தெரிந்துவிடும். ஒரு ஃபங்ஷனுக்கு நான்கு விவரம் வரை கொடுத்தால் ரெஜிஸ்டரிலேயே போகும். ஐந்தாவது மெமரிக்குப் போய் வரவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு நகலெடுப்பது. வேக மெமரியில் ஒரு சொல்லை எடுக்க 3 துடிப்பு, வைக்க 2, எண்ணிக்கையைக் குறைக்க 1, லூப்பின் தலைக்குத் திரும்ப 3. ஆக ஒரு சொல்லுக்கு 9. எட்டுச் சொல்லுக்கு 72. ஆனால் எட்டுச் சொல்லையும் ஒரே மூச்சில் எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு, 10 துடிப்பு. ஒரே மூச்சில் வைக்க 9. லூப் செலவு 4. மொத்தம் 23. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டுத் தடவை கிணற்றடிக்குப் போய் ஒவ்வொரு செம்பாகக் கொண்டு வருவதற்கும், ஒரே நடையில் இரண்டு குடத்தில் கொண்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி அந்தச் சுவர் லூப்புக்கு வருவோம். ஒரு புள்ளிக்கு நிறத்தை எடு (3), இடத்தைக் கூட்டு (1), திரையில் வை (2), எண்ணிக்கையைக் குறை (1), திரும்பு (3). பத்துத் துடிப்பு. இதில் குறைப்பதற்கும் திரும்புவதற்கும் ஆகும் 4 துடிப்பு வெறும் நிர்வாகச் செலவு. எனவே ஒரே சுற்றில் நான்கு புள்ளிகளை வரிசையாக எழுதிவிட்டு ஒரு தடவை மட்டும் திரும்பினான். புள்ளிக்கு 7 ஆனது. நிறங்கள் இருக்கும் சுவர்ப் படத்தையும் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் காத்திருப்பு சேரும். அடிக்கடி வரும் சுவர்ப் படங்களை மட்டும் வேக மெமரியில் வைத்தான். வேக மெமரி 32 கிலோபைட்தான். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று அந்த எட்டுப் பேருக்குள் தினமும் பஞ்சாயத்து நடக்குமாம்.

கடைசியாக ஒன்று. திரையின் மெமரிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதில் தனியாக ஒரு பைட் எழுத முடியாது. எழுதினால் பக்கத்துப் பைட்டிலும் அதே எண் விழுந்துவிடும். இதைக் கருவியின் குறையாக நினைத்து எல்லோரும் திட்டுவார்கள். அவன் இதையே வசதியாக்கிக்கொண்டான். கிடைமட்டத்தில் 240 புள்ளிக்குப் பதில் 120 தான் கணக்கிடுவது. ஒரு தடவை எழுதினால் இரண்டு புள்ளி நிறைந்துவிடும். அந்தச் சின்னத் திரையில் ஓடும் படத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கணக்கிடவேண்டிய புள்ளிகள் 38,400-லிருந்து 19,200 ஆயின. ஒன்றுக்கு 7 வீதம் 1,34,400 துடிப்பு. ஒரு தடவைக்குக் கிடைக்கும் 2,80,896-ல் பாதிகூட இல்லை.

விநாடிக்கு ஏழெட்டுப் படம் காட்டிய விளையாட்டு இருபதைத் தொட்டது. சுவர் தவிர மற்ற கணக்குகளும் இருப்பதால் அதற்கு மேல் போகவில்லை. ஆனால் விளையாட அது போதும். மேலாளர் அசெம்பிளி பேச்சை விட்டுவிட்டார். பெரும்பகுதி சி மொழியிலேயே நின்றது. விளையாட்டு அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தது, எட்டுப் பேருக்கும் சம்பளமும் வந்தது.

"இதுல புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்ல சார், எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றான். ஆனால் அது தெரிந்திருப்பது சின்ன விஷயமல்ல என்பதுதான் என் கருத்து. ஏகார்னில் பணமில்லாமல் பிறந்த எளிமை, கைப்பேசிக்காரர்களின் மெமரிச் சிக்கனத்தில் பிறந்த தம்ப், யோகோயின் கொள்கை, பேட்டரியின் பதினைந்து மணி நேரம், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 32 கிலோபைட்டையும் குறுகிய பாதைகளையும் அப்படி அமைத்தன. அவற்றின் காரணம் தெரிந்தவனுக்கு அவை தடையாகத் தெரியாது, வீட்டின் அறைகளாகத் தெரியும். மேலாளர் கண்ணுக்குச் சி மொழி குற்றவாளி. அளந்து பார்த்தவன் கண்ணுக்குக் கட்டளை வைத்திருந்த இடம் குற்றவாளி. அளக்காமல் எல்லாவற்றையும் திருப்பி எழுதியிருந்தால், கார்ட்ரிட்ஜிலேயே கிடந்து ஓடும் அசெம்பிளியும் தள்ளாடித்தான் நடந்திருக்கும், கம்பெனியும் நின்றிருக்காது.

2004-ல் நின்டெண்டோவின் அடுத்த கருவியான டிஎஸ் வந்தது. அதில் புதிய ஆர்ம் சிப் ஒன்றும், துணைக்குப் பழைய ஆர்ம்7 ஒன்றும் இருந்தன. புதிய சிப்பில் 'கேஷ்' என்ற வசதி உண்டு. அடிக்கடி கேட்பதைத் தானாகவே அருகில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். எதை அஞ்சறைப் பெட்டியில் வைப்பது என்று மனிதன் யோசித்தது போய், இயந்திரம் யோசிக்கத் தொடங்கியது. கம்பைலர்களும் வருடா வருடம் கெட்டிக்காரர்களாகிவிட்டன. இன்று கைப்பேசிக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு கட்டளைக்கு எத்தனை துடிப்பு என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அது போய்விடவில்லை. 2009-ல் ஆர்ம் கம்பெனி கார்டெக்ஸ்-எம்0 என்ற சிறிய பிராசஸரை அறிமுகப்படுத்தியது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி சிப்புகளுக்குள் வைப்பதற்காக. அதில் ஏறத்தாழ எல்லாமே தம்ப் கட்டளைகள்தான். அதற்கும் வகுக்கத் தெரியாது. தசமப் புள்ளியும் தெரியாது. ஒரு சிறு பேட்டரியில் நெடுநாள் ஓடவேண்டிய கருவிக்கு எழுதுகிறவர்கள் இன்றும் அணாக் கணக்குத்தான் போடுகிறார்கள், எண்சுவடிதான் வைத்துக்கொள்கிறார்கள்.

என் மாணவன் இப்போது விளையாட்டு எழுதுவதில்லை. மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் இடத்தில், இப்படிப்பட்ட குட்டி சிப்புக்குச் சி மொழியில் எழுதுகிறான். போன பொங்கலுக்குப் பேசியபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் டைமர் வைத்து அளப்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறானாம். எழுதுவதற்கெல்லாம் இரண்டாவது வாரம்தான் அனுமதி.